ஜாப் ஷீட் கொடுக்காத குலம்

தாளைக் கண்டால் தலைமறைவாகிவிடும் ஓர் இனம் இருக்கிறது. சிங்கப்பூரில் எங்கும் பார்க்கலாம்: ஏணி உச்சியில், குழாயின் அடியில், மின்பெட்டியின் முன்னால். வேலையில் புலி. அந்த வேலை முடிந்ததென்று ஒரு தாளில் எழுதி அலுவலகத்தில் கொடுக்கச் சொன்னால் மட்டும் புலிக்கு முதுகுவலி வந்துவிடும்.

நடேசனை எடுத்துக்கொள்ளுங்கள். ஏர்கான் பழுதுபார்ப்பவர். செம்பவாங்கில் ஒன்பது மணிக்கு வேலை என்றால் எட்டு ஐம்பதுக்கே அழைப்புமணியை அழுத்துவார். குரைக்கிற நாயோடு சிநேகமாகி, இயந்திரத்தைக் கழற்றி, கழுவி, மாட்டி, சொட்டிய தண்ணீரையும் துடைத்துவிட்டுத்தான் கிளம்புவார். தாள்? "குளிர் வருதா இல்லையா? அதுதான் லா ரிப்போர்ட்!"

ஜாப் ஷீட் என்கிற அந்த வேலைத் தாள் இரண்டு பிரதி: வெள்ளைத் தாள் அலுவலகத்துக்கு, மஞ்சள் வீட்டுக்காரருக்கு. இதில் என்ன குழப்பம் என்கிறீர்களா? நீங்கள் நடேசனைப் பார்த்ததில்லை.

தேக்காவில் இருக்கும் அவருடைய அலுவலகத்தில் தாள் வசூலிக்கும் பாவப்பட்ட ஜீவன் சிவதர்ஷினி. வெள்ளிக்கிழமை மாலை அவளுக்கு விமானம். மறுநாள் பினாங்கில் அக்கா கல்யாணம். அந்த மாதத்து ஜாப் ஷீட் அத்தனையும் வந்தால்தான் லீவு என்று முதலாளி சொல்லிவிட்டார். எல்லோரும் கொடுத்துவிட்டார்கள், நடேசனைத் தவிர. வெள்ளிக்கிழமை மதியம் அவள் பெட்டியோடு போய் அவர் வண்டியை மறித்தாள். ஓட்டுநர் இருக்கையைத் தூக்கினார், அடியில் பத்து வெள்ளைத் தாள்கள் கிடைத்தன.

"பதினொண்ணாவது எங்கண்ணே?"

"செங்காங் பூவம்மா அக்கா வீட்டுல. மஞ்சள் தாள் கசங்கிடுச்சும்மா. பெரிய மனுஷிக்கு அதையா கொடுக்கிறது? மரியாதையா வெள்ளையைக் கொடுத்துட்டேன்."

சிவதர்ஷினிக்கு அழுகையே வந்துவிட்டது. புலி பதறிப்போனது. அவளையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு செங்காங்குக்குப் பறந்து, பூவம்மா சந்தைச் சாமான் பட்டியல் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருந்த தாளைக் கெஞ்சி வாங்கி, அங்கிருந்து சாங்கி விமான நிலையத்துக்கு விரட்டி, விமானத்துக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே இறக்கிவிட்டார்.

"பார்த்தியா? நான் என்னைக்குமே லேட் இல்ல லா!"

முதலாளிக்குப் படமெடுத்து அனுப்புவதற்காக அவள் தாளைத் திருப்பினாள்.

"அண்ணே, நீங்க கையெழுத்தே போடலையே!"

நடேசன் சட்டைப்பையைத் தடவினார். பேனா இல்லை. முகம் மலர்ந்தது. "நீ கல்யாணத்துக்குப் போய்ட்டு வாம்மா. திங்கட்கிழமை போட்டுத் தரேன்."

அவள் கைப்பையிலிருந்து உதட்டுச்சாயப் பென்சிலை எடுத்து நீட்டினாள். சாங்கி விமான நிலைய வாசலில், நாலு பேர் பார்க்க, பளீரென்ற சிவப்பில் நடேசன் கையெழுத்துப் போட்டார். சிவதர்ஷினி விமானம் ஏறினாள்.

சிரிப்பு வருகிறதா? நன்றாகச் சிரியுங்கள். அப்படியே, உங்கள் மகள் போன வாரம் கொண்டுவந்த பள்ளிச் சுற்றுலா அனுமதித்தாள் எங்கே என்று கொஞ்சம் தேடிப்பாருங்கள். கையெழுத்துக் கேட்டு இன்று காலைகூடக் குழந்தை லிஃப்ட் வரைக்கும் உங்கள் பின்னாலேயே வந்தாள். பஸ் நாளைக்கு ஏழரைக்குக் கிளம்புகிறது.