கண்ணாடி எடுக்கப் போனவர்

மனித குலத்தின் வீழ்ச்சி, முதல் மனிதன் இன்னொருவனிடம் வழி கேட்ட அன்று தொடங்கியது என்பது சர்வேயரின் முடிந்த முடிவு. நெருப்பைக் கண்டுபிடித்தவன் யாரிடமும் கேட்கவில்லை. சக்கரத்தை உருட்டியவன் யாரிடமும் கேட்கவில்லை. சர்வேயரும் முப்பத்தொரு வருடப் பணியில், காடு மேடு என்று அளந்த அத்தனை இடங்களிலும், "இந்தப் பாதை எங்க போகுதுங்க?" என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. இந்த வரிசையில் தன்னை அவர் மூன்றாவதாக வைத்துக்கொண்டது தன்னடக்கத்தால்.

இந்த உண்மையைக் கப்பலின் நிகழ்ச்சி அரங்கில், கடைசி வரிசையில் உட்கார்ந்து, தன் சகலைக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். கப்பலேறி இரண்டாம் நாள். மாலை ஐந்தரை மணி.

சகலைக்கு இது நான்காவது கப்பல் பயணம். சர்வேயருக்கு முதல். இந்தத் தகவலைச் சகலை நேற்றிலிருந்து எல்லாப் பேச்சிலும் உப்பு மாதிரி தூவிக்கொண்டிருந்தார்.

"சகலை, சொல்றதைக் கேளுங்க. பதினாலு தளம். ஆயிரத்து இருநூறு கதவு. எல்லாம் ஒரே அச்சு. அதான் என் கதவுல காந்தம் வெச்ச மஞ்ச வாத்து ஒண்ணு ஒட்டியிருக்கேன். உங்களுக்கும் ஒண்ணு கொண்டுவந்திருக்கேன்."

"வாத்தைப் பாத்து ரூமுக்கு வந்து சேர நான் என்ன வாத்துக் குஞ்சா?"

"அப்ப வழியாவது கேளுங்க. கேட்டா ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டீங்க."

"நான் ஏன் கேக்கணும்? நான் முன்னால நடந்தா பின்னால நாலு பேர் தானா வருவாங்க. என் ராசி அப்படி."

"வந்தாங்க, சரி. போய்ச் சேந்தாங்களா?"

இது பழைய புண். சகலை வீடு மாறிய அன்று சாமான் லாரிக்கு வழிகாட்ட முன்னால் போன சர்வேயர், லாரியையும், இரண்டு கார்களையும், சம்பந்தமே இல்லாத ஓர் ஐஸ்கிரீம் வண்டியையும் ஒரு கல்குவாரிக்குள் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். நீ ஏனப்பா வந்தாய் என்று ஐஸ்கிரீம்காரரைக் கேட்டதற்கு, "சார் போன தோரணையப் பாத்து, அங்க ஏதோ விசேஷம்னு நெனச்சேன்" என்றார்.

"இந்தக் கப்பல்ல நான் யார்கிட்டயாவது வழி கேட்டேன்னா, உங்க வாத்தைச் சட்டையில மாட்டிக்கிட்டுச் சாப்பிட வரேன். போதுமா?"

"போதும்," என்று சகலை எழுந்தார். "நான் போய் வீட்டம்மாவக் கூட்டிட்டு வந்துடறேன். அக்கா பாட்டுன்னா அவ முன் வரிசையில இருக்கணும்."

அக்கா என்றது சர்வேயரின் மனைவியை. இருபத்திரண்டு வருடமாகச் சமையலறையிலும் மொட்டை மாடியிலும் மட்டுமே பாடியவர், பயணிகள் மேடைக்குத் துணிந்து பெயர் கொடுத்திருந்தார். ஆறு மணிக்குப் பாட்டு. நேற்றிரவு முழுக்கத் தூக்கத்தில்கூட முணுமுணுத்தார். அரங்கில் இருநூறு நாற்காலிகள். உட்கார்ந்திருந்தவர்கள் பதினோரு பேர். அதில் இருவர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பியானோக்காரர்.

நிகழ்ச்சிப் பொறுப்பாளப் பெண் கையில் பட்டியலோடு வந்தாள்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. ஆறு மணிக்கு முப்பது பேராவது இல்லேன்னா மேடைய நடன வகுப்புக்குக் குடுத்துடுவாங்க. என் கையில ஒண்ணுமில்ல."

மனைவி காலி நாற்காலிகளைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். கைப்பையைத் திறந்து பார்த்து, மூடினார்.

"என்னங்க, கண்ணாடிய ரூம்லயே விட்டுட்டேன் போலிருக்கு. அது இல்லாம நோட்டுல ஒரு எழுத்து தெரியாது. எடுத்துட்டு வர்றீங்களா?"

"நாலு நிமிஷம்."

"யார்கிட்டயும் வழி..."

"கேக்க மாட்டேன்!"

"கேக்காதீங்க," என்றார் மனைவி.

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக மனைவி தன்னைப் புரிந்துகொண்டார் என்று நெஞ்சு நிறைந்து, சர்வேயர் புறப்பட்டார்.

அறை எண் 9246. ஒன்பதாம் தளம், இருநூற்று நாற்பத்தாறாம் கதவு. இதில் குழம்ப என்ன இருக்கிறது? லிஃப்டில் ஏறி, இறங்கி, கம்பளம் விரித்த நீண்ட நடைவழியில் நடந்து, கதவில் கார்டை வைத்தார். சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தார். சிவப்பு. மூன்றாம் முறை கதவு தானே திறந்தது. பாதி முகத்தில் சவர நுரையோடு ஒருவர் நின்றார்.

"யாருங்க நீங்க?"

"இது என் ரூம்."

"உங்க ரூம் எத்தனாவது தளம்?"

"ஒன்பது."

"இது எட்டு."

கதவில் 8246 என்று எழுதியிருந்தது. சர்வேயர் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "சும்மா ஒரு சோதனை. கதவெல்லாம் ஒழுங்கா வேலை செய்யுதான்னு," என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

ஒன்பதாம் தளத்தில் 9245 இருந்தது. 9247 இருந்தது. 9246 மட்டும் இல்லை. நிலத்துண்டு காணாமல் போனால் ஆக்கிரமிப்பு என்று எழுதிவிடலாம். அறை காணாமல் போனால் என்ன எழுதுவது? இரட்டை எண்கள் கப்பலின் மறுபக்கம் இருப்பதை எதிரில் வந்த யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். அவர் கேட்கவில்லை.

தொழில் முறைப்படி போவோம் என்று திறந்தவெளித் தளத்துக்கு ஏறினார். சூரியன் இடப்பக்கம். ஆகவே இடம் மேற்கு, முன்னால் வடக்கு. அறையின் ஜன்னலில் மாலை வெயில் அடிக்கும். ஆகவே அறை மேற்கில். மனதிலேயே வரைபடம் போட்டுக்கொண்டு இறங்கினார். சரிபார்க்க ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஏறியபோது சூரியன் வலப்பக்கம் இருந்தது. கப்பல் திரும்பியிருந்தது. முப்பத்தொரு வருடம் அவர் அளந்த பூமி ஒரு நாளும் இப்படி நடந்துகொண்டதில்லை.

மறுபடி இறங்கி, மறுபடி ஒரு கதவு, மறுபடி சிவப்பு விளக்கு. கதவு திறந்தது. இப்போது மறுபாதி முகத்தில் நுரை.

"இன்னும் சோதனை முடியலீங்களா?"

"ரெண்டாம் கட்டம்."

ஐந்து ஐம்பது. சர்வேயர் வேகத்தைக் கூட்டினார். வழி தெரியாதபோது வேகமாக நடப்பது அவர் பழக்கம். பார்ப்பவர்களுக்கு அது அவசர வேலையாகத் தெரியும். அப்படித்தான் கைத்தடி வைத்த ஒரு பெரியம்மாவுக்கும் தெரிந்தது.

"தம்பி, சாப்பாட்டு ஹாலுக்கு இந்தப் பக்கம்தானே?"

தெரியாது என்று சொல்லலாம். சர்வேயரின் வாய்க்கு அந்தச் சொல் பழக்கமில்லை.

"வாங்க," என்றார்.

பெரியம்மா வந்தார். வரிசையாகப் போகும் இருவரைக் கண்டதும் ஒரு புதுமணத் தம்பதி சேர்ந்துகொண்டார்கள். நீச்சல் குளத்திலிருந்து சொட்டச் சொட்ட வந்த ஒரு குடும்பம் சேர்ந்துகொண்டது. சர்வேயர் இடப்பக்கம் திரும்பினால் எல்லாரும் இடப்பக்கம் திரும்பினார்கள். முட்டுச்சந்தில் நின்றால் எல்லாரும் நின்று சுவரை மரியாதையோடு பார்த்தார்கள்.

"எல்லாரும் எதுக்கு நிக்கிறோம்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"சார் ஏதோ காட்டறார். பாருங்க," என்றது இன்னொரு குரல்.

எட்டாம் தளத்தில் ஒரு கதவு திறந்து, மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு அந்த மனிதர் வெளியே வந்தார். "மூணாம் கட்டமா? நல்லதாப் போச்சு. எனக்கும் சாப்பாட்டு ஹால் தெரியல. கப்பல் பூராச் சோதனை பண்றவர், உங்களுக்குத் தெரியாததா?" என்று வரிசையில் சேர்ந்தார்.

சர்வேயர் திரும்பிப் பார்த்தார். இருபது பேருக்குக் குறையாது. கடைசியில், தூணுக்குப் பின்னால் பாதி மறைந்தபடி, சகலை.

வேவு பார்க்கிறான்! வழி கேட்டால் கையும் களவுமாகப் பிடிக்கக் காத்திருக்கிறான். பக்கத்திலேயே ஒரு கப்பல் ஊழியர் கைப்பிடிக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரைக் கேட்டால் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். சர்வேயர் அவரைப் பார்த்து, "நல்லாத் துடைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

ஐந்து ஐம்பத்தெட்டு. துணி துவைக்கும் அறை வழியாக ஒரு தடவை. உடற்பயிற்சிக் கூடம் வழியாக இரண்டு தடவை. கண்ணாடி கிடைக்கவில்லை, கிடைத்தாலும் அரங்கம் எங்கே என்று தெரியவில்லை. மனைவி மேடையோரம் நோட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் தவித்துக்கொண்டிருப்பார். தோற்றால் தோற்கிறோம், வாத்தை மாட்டிக்கொள்வோம் என்று சர்வேயர் ஊழியரைத் தேடித் திரும்பினார்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் அந்தக் குரல் கேட்டது. மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு இழுப்பு. தினமும் காலையில் குக்கர் சத்தத்துக்கு நடுவே கேட்கிற குரல்.

சர்வேயர் ஓடினார். இருபத்து நான்கு பேர் ஓடினார்கள். பெரியம்மா கைத்தடியை ஊன்றாமலே ஓடினார்.

கதவைத் தள்ளினால் அரங்கம். நாற்காலிகளைக் கண்டதும் இருபத்து நான்கு பேரும் "அப்பாடா" என்று விழுந்தார்கள். சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. உட்கார இடம் கிடைத்ததே பெரிது. பொறுப்பாளப் பெண் விரலை நீட்டி எண்ணி, பட்டியலில் ஒரு கோடு போட்டு, விளக்கை அணைத்தாள்.

மேடையில் மனைவி. மூக்கில் கண்ணாடி. யாரோ இரவல் கொடுத்திருக்கிறார்கள் என்று சர்வேயர் ஊகித்துக்கொண்டார்.

மனைவி பாடினார். முதல் வரியில் குரல் நடுங்கியது. இரண்டாம் வரியில் நடுக்கம் நின்றது. மூன்றாம் வரிக்குள் தூங்கிக்கொண்டிருந்த இருவரும் விழித்துக்கொண்டார்கள். முடிந்தபோது பெரியம்மா கைத்தடியால் தரையைத் தட்டித் தட்டி, இன்னொன்று கேட்டார்.

கைதட்டலுக்கு நடுவே சகலை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது.

"சகலை, ஒத்துக்கறேன். என் கதவு வாத்தை யாரோ பிச்சு எடுத்துட்டாங்க. அரை மணி நேரமா ரூம் தெரியாம சுத்திட்டு இருந்தேன். நீங்க மட்டும் விறுவிறுன்னு போயிட்டிருந்தீங்க. அதான் உங்க பின்னாலயே வந்துட்டேன். வாத்தை எல்லாம் நம்பக்கூடாது. உங்க ராசி ராசிதான்."

"அதைத்தான் நேத்துலருந்து சொல்றேன்," என்றார் சர்வேயர்.

மனைவியும் சகலையும் பாராட்டுகிறவர்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். சர்வேயருக்கு உடனே அறைக்குப் போய்க் காலை நீட்ட வேண்டும் போலிருந்தது. முன்னும் பின்னும் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை. பொறுப்பாளப் பெண்ணின் அருகே போய், செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து, உதடு அசையாமல் கேட்டார்.

"அம்மாடி, 9246க்கு எப்படிப் போகணும்?"

அவளும் பட்டியலிலிருந்து தலை நிமிராமல், அதே அளவு ரகசியமாகச் சொன்னாள்.

"வெளிய போய் வலது பக்கம், பின் லிஃப்ட்டு சார். ஆனா நாளைக்குக் காலைல என் ஓவிய வகுப்புக்கும் ஆள் வேணும், அப்ப மட்டும் யாரையும் கேட்டுடாதீங்க. கண்ணாடிய எடுத்துட்டு வரச் சொல்லி உங்களை அனுப்பினா கூட்டம் தானா வரும்னு அம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க."