கண்காணிப்பாளரின் முதுகும் சுமைப்பட்டையும்

மனித குலத்தின் வரலாற்றை இரண்டாகப் பிரிக்க வேண்டுமென்றால், சுமைப்பட்டைக்கு முன், சுமைப்பட்டைக்குப் பின் என்று பிரிப்பதே நியாயம். நெருப்பைக் கண்டுபிடித்தவன் பெரியவன்தான். சக்கரத்தைச் செய்தவனும் லேசுப்பட்டவன் இல்லை. ஆனால் ஒரு கட்டிலைத் தனி ஆளாகத் தோளில் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏற வழி செய்தவனுக்கு முன்னால் அவர்கள் இருவரும் கைகட்டி நிற்க வேண்டியவர்களே. அந்த மகத்தான சாதனத்தைத் தம் குடியிருப்புக்கு முதன்முதலில் கொண்டுவந்த பெருமை, ஓர் அலுவலகத்தின் பதிவேட்டுப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்தவரைச் சேரும். தாம் எதையும் தூக்காமல் இருப்பதற்காகவே அவர் அதைக் கொண்டுவந்தார் என்பது அவர் புகழை எந்த வகையிலும் குறைக்காது.

கண்காணிப்பாளருக்கு முதுகுவலி இருந்தது. கண்டவருக்கும் வருகிற முதுகுவலி என்று அதை நினைத்துவிடக் கூடாது. அது ஒழுங்கும் கட்டுப்பாடும் உள்ள வலி. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் வராது. ஞாயிற்றுக்கிழமை பூப்பந்து ஆடும்போது வராது. தலையணையைவிடப் பெரிய பொருள் எதையாவது இடம் மாற்ற வேண்டும் என்று வீட்டில் பேச்சு எழுந்தால் மட்டும், எங்கிருந்தாலும் புறப்பட்டு வந்து, இடுப்புக்கு நாலு விரல் மேலே தனக்கென்று ஒதுக்கப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். கல்யாணமான புதிதில், மனைவியின் பீரோ மூன்றாவது மாடிக்கு ஏற வேண்டிய அன்றுதான் அது முதன்முதலில் பணியில் சேர்ந்தது. அன்றிலிருந்து ஒருநாளும் கடமை தவறியதில்லை.

அவர் நடித்தார் என்று சொல்வது அபாண்டம். அந்த வலியை அவர் மனதார நம்பினார். யாரையும் தூக்கி வைத்துப் பேசுவதில் அவருக்கு நிகரில்லை. பொருள்களைத் தூக்குவது மட்டும்தான் ஆகாது.

தூக்குவதற்கு மைத்துனர் இருந்தார். மனைவியின் தம்பி, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் தனிக்கட்டை. ஆள் பார்க்க அவர் கடையில் விற்கும் பிரேம் மாதிரியே இருப்பார். வளைந்து கொடுப்பதிலும் அப்படித்தான். அக்கா போன் செய்தால் கடையைச் சாத்திவிட்டு வந்துவிடுவார். கட்டில், குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அவர் தோள் வழியாகத்தான் அந்த வீட்டுக்குள் நுழைந்தன. கண்காணிப்பாளர் பதவிக்கேற்பப் பக்கத்தில் நின்று கண்காணிப்பார்.

"மாப்பிள்ளை, இடது பக்கம் கொஞ்சம் ஏத்துங்க. சுவரு, சுவரு. ம், அப்படித்தான். நான் சொல்லலேன்னா இடிச்சிருப்பீங்க."

"ஆமா மாமா," என்பார் மைத்துனர், மூச்சு வாங்கிக்கொண்டே.

இந்த அருமையான ஏற்பாடு ஒரு சலவை இயந்திரத்தால் கெட்டது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் மைத்துனர் சட்டென்று நின்றார். இயந்திரத்தை மெல்ல இறக்கி வைத்தார். பிறகு அவரால் நிமிர முடியவில்லை. மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே கொஞ்ச காலத்துக்கு ஒரு குடம் தண்ணிகூட தூக்கக் கூடாது. படுத்தே இருக்கணும்," என்று சொல்லிவிட்டார். அக்கா தம்பியைத் தன் வீட்டுக் கூடத்திலேயே கட்டில் போட்டுப் படுக்க வைத்தாள்.

கண்காணிப்பாளருக்கு வருத்தம்தான். கூடவே சின்ன மனத்தாங்கலும் இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு முதுகுவலி இருந்தால் மூத்ததற்கு மரியாதை குறையும் அல்லவா? அதுவும் எக்ஸ்ரேயில் விழுகிற வலி. அவருடைய வலி அத்தனை சுலபமாகப் படத்தில் விழுந்து தன்னைத் தாழ்த்திக்கொண்டதில்லை.

அந்த நேரம் பார்த்து அடுத்த இடி விழுந்தது. மனைவி பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருந்தாள். கடை அறையை உரிமையாளர் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

"மெஷினை எல்லாம் ஆட்டோவில் கொண்டுவந்துடலாம். துணி வெட்டுற மேசைதான் பெருசு," என்றாள் மனைவி. "காலை மடக்கினாலும் கட்டில் பலகை மாதிரி இருக்கு. பிடிக்கவும் இடமில்ல. லிப்ட் செத்து எவ்வளவு நாளாச்சு. யாராவது மேலே ஏத்தணும்."

'யாராவது' என்ற சொல் கூடத்தைச் சுற்றி வந்தது. மைத்துனர் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டார். கண்காணிப்பாளரின் இடுப்புக்கு நாலு விரல் மேலே வலி வந்து உட்கார்ந்தது. ஆனால் இந்த முறை அவருக்குப் பயமாக இருந்தது. இனி அந்த வலிக்கு மாற்று ஆள் இல்லை.

அன்று அலுவலகத்தில் அவர் கோப்புகளைப் புரட்டாமல் கைபேசியைப் புரட்டினார். அங்கே ஒரு விளம்பரம். சிரித்த முகத்தோடு ஒரு பெண் முதுகில் அலமாரியைச் சுமந்து நிற்கிறாள். தோளில் குறுக்காக இரண்டு பட்டை, இடுப்பில் அகலமாக ஒன்று, சுமையின் அடியைத் தாங்க இரண்டு கொக்கி. 'இனி யார் உதவியும் வேண்டாம். நீங்களே போதும்.' கண்காணிப்பாளர் அந்தப் பெண்ணின் படத்தை நெடுநேரம் பார்த்தார். அவர் நெஞ்சில் பெண் விடுதலை குறித்த சிந்தனை முதன்முறையாகப் பொங்கியது.

பட்டை வந்து சேர்ந்த மாலை, அவர் அதைத் தாம்பாளத்தில் வைக்காத குறையாக மனைவியிடம் நீட்டினார்.

"இது என்னங்க, பெல்ட்டா?"

"பெல்ட் இல்ல. 'தனிநபர் சுமைப்பட்டை'. நீ இனிமே யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். உன் தம்பியை எதிர்பார்க்க வேண்டாம், என்னை எதிர்பார்க்க வேண்டாம்."

"உங்களை எப்ப எதிர்பார்த்தேன்?"

"அதைத்தான் சொல்றேன். அந்தத் தன்னம்பிக்கைக்கு நான் குடுக்கிற பரிசு இது."

மனைவி பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தையலை நகத்தால் நெருடினாள். "நல்லா அழுத்தமாத்தான் தச்சிருக்கான்," என்று மட்டும் சொல்லி உள்ளே எடுத்துப் போனாள்.

நல்ல காரியத்தை ஒரு வீட்டோடு நிறுத்திக்கொள்வது சுயநலம். குடியிருப்போர் சங்கத்தின் கூட்டத்தில் லிப்ட் பற்றிய வழக்கமான அழுகை எழுந்தபோது கண்காணிப்பாளர் எழுந்து நின்றார். லிப்ட் மனிதனைச் சோம்பேறியாக்குகிறது என்றார். மற்றவர் தோள் கொடுப்பார் என்று காத்திருப்பது அடிமைப் புத்தி என்றார். எதையும் தீர்மான வாசகத்திலேயே பேசிப் பழகிய செயலாளர் அசந்துபோனார்.

"உறுப்பினர் கூறிய கருத்துகள் பரிசீலிக்கத்தக்கவை," என்றார் செயலாளர். "வரும் ஞாயிறு காலை, கீழ்த்தள முகப்பில், உறுப்பினர் தலைமையில் 'செயல்விளக்கம்' நடத்துவதென இச்சங்கம் ஏகமனதாக முடிவு செய்கிறது."

தலைமை என்றால் பேசுவது என்பது கண்காணிப்பாளரின் அனுபவம். அவர் சந்தோஷமாகச் சம்மதித்தார். மேசையை மனைவி சுமப்பாள், அவர் விளக்குவார். ஒரே கல்லில் கைதட்டலும் கிடைக்கும், மேசையும் மேலே போகும்.

ஞாயிறு காலை நாற்காலிகள் போடப்பட்டன. வெட்டுமேசை காலை மடக்கிச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கண்காணிப்பாளர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நல்ல நீளமாகப் பேசினார். "இப்போது என் மனைவி..." என்று அவர் கையை நீட்டியபோது, கழுத்தில் அளவு நாடாவோடு நின்றிருந்த அவள் பட்டையை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக் காட்டினாள். அது இரண்டு சுற்று பெரிதாகத் தொங்கியது.

"எனக்குச் சேரலைங்க."

"இழுத்து இறுக்கிக்கம்மா. அதுக்குத்தானே பக்கிள் இருக்கு."

"அந்தப் பக்கிளை எடுத்துட்டேன். தோள், இடுப்பு எல்லாம் உங்களுக்குப் பொருந்துற மாதிரி மாத்தித் தச்சுட்டேன்."

"என் அளவு எப்ப எடுத்தே?"

"உங்க அளவு எனக்குத் தெரியாதா?"

கூட்டம் சிரித்தது. இரண்டாம் மாடி பாட்டு டீச்சர் முதலில் கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். கண்காணிப்பாளர் வாயைத் திறந்தார். முதுகுவலி என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஆனால் 'எந்த முதுகுக்கும் பாதுகாப்பானது' என்று அப்போதுதான் இரண்டு தடவை அழுத்திச் சொல்லியிருந்தார். செயலாளர் வேறு, "உறுப்பினர் தாமே முன்மாதிரியாக விளங்குவதை இச்சங்கம் பாராட்டுகிறது," என்று அறிவித்துவிட்டார்.

மனைவி பட்டையை மாட்டிவிட்டாள். உறையில் வாளைப் போல அவர் உடம்பு அதற்குள் போய்ச் சேர்ந்தது. மேசை முதுகில் ஏறியது. பின்னாலிருந்து பார்த்தவர்களுக்கு மேசைக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது.

முதல் படியில் கால் வைக்கும்போது அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். இப்போது வரும், இதோ வருகிறது என்று எதிர்பார்த்தார். வரவில்லை. முதல் திருப்பத்தில் நின்று வலிக்காகக் காத்திருந்தார். பேருந்துக்குக் காத்திருப்பவரைப்போல எட்டிக்கூடப் பார்த்தார். தோளில் பாரம் இருந்தது, தொடையில் இறுக்கம் இருந்தது. இடுப்புக்கு நாலு விரல் மேலே மட்டும் ஒன்றுமே இல்லை. இத்தனை வருஷம் கூடவே இருந்த ஒன்று, தேவைப்படுகிற நேரத்தில் கைவிட்டுவிட்டதே என்று அவருக்குத் திகைப்பாக இருந்தது.

"சாருக்கு இளைப்பே இல்லையே," என்றார் பின்னால் ஏறி வந்த பாட்டு டீச்சர். "நல்ல தேகம்."

அந்தப் பாராட்டு அவரைக் கெடுத்துவிட்டது. இரண்டாம் மாடியைத் தாண்டும்போது அவருக்கு உற்சாகமாகவே இருந்தது. மூன்றாம் மாடியில் சீழ்க்கை அடித்துக்கொண்டே, நிலையில் இடிக்காமல் பக்கவாட்டில் திரும்பிக் கூடத்துக்குள் நுழைந்தார். பின்னால் மனைவி மட்டும் உள்ளே வந்தாள்.

கட்டிலில் கிடந்த மைத்துனர் தலையைத் திருப்பிப் பார்த்தார். சீழ்க்கை நின்றது.

"வாங்க மாமா," என்றார் மைத்துனர். "முதுகு எப்படி இருக்கு?"

கண்காணிப்பாளர் மேசையை முதுகில் வைத்தபடியே நின்றார். "இந்தப் பட்டை இருக்கே மாப்பிள்ளை, இதோட சிறப்பு என்னன்னா, பாரமே தெரியாது."

"பட்டை பாரத்தைக் குறைக்காது மாமா. பிடிச்சுக்கும், அவ்வளவுதான். மேசை எவ்வளவு கனமோ அவ்வளவு கனம்தான்."

மனைவி மேசையின் ஒரு முனையைப் பிடித்து இறக்கினாள். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். தைலவாசம் அடித்தது. மைத்துனரின் இடுப்பில் ஒரு பட்டை இருந்தது. அது மருத்துவர் கட்டியது.

"மாப்பிள்ளை, சத்தியமா எனக்கே தெரியாது," என்றார் கண்காணிப்பாளர். குரல் கீழே போயிருந்தது. "வலிக்கும்னுதான் நெனச்சேன்."

"தெரியும் மாமா. உங்களுக்குத் தெரியாதுங்கிறது எங்களுக்கு நல்லாத் தெரியும்."

"அப்ப ஏன் ஒருத்தரும் சொல்லலே?"

"சொன்னா உங்களுக்கு வலிக்குமேன்னுதான்."

அதன்பிறகு நடந்தவை சங்கத்தின் வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கவை. கண்காணிப்பாளரைக் 'கௌரவச் சுமைதாரர்' என்று சங்கம் தீர்மானம் போட்டது. கௌரவம் என்றால் கூலி கிடையாது என்று பொருள். பாட்டு டீச்சரின் மெத்தை, செயலாளரின் புத்தக அலமாரி எல்லாம் அவர் முதுகில் ஏறின. முதலில் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனவர், போகப் போகத் தாமாகவே, "வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார். மைத்துனரை மருத்துவரிடம் அழைத்துப் போகும் நாள்களில், கடைக்கு வந்திறங்கும் கண்ணாடிப் பெட்டிகளையும் அவரே போய் இறக்கி வைத்தார். லிப்டைப் பற்றி இப்போது யாரும் அழுவதில்லை. அதுவும் ஒரு சாதனைதான்.

ஒரு மாலை, அவர் கதவருகே பட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக் கைபேசி அடித்தது. மனைவி தைத்துக்கொண்டிருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டாள். பட்டை விற்ற நிறுவனத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். குரலில் தேன் ஒழுகியது.

"மேடம், எங்க பட்டையை உங்க வீட்டில் யார் பயன்படுத்துறாங்க?"

"எங்க வீட்டுக்காரர்."

"ரொம்ப மகிழ்ச்சி மேடம். பட்டை திருப்தியா இருக்கா?"

"குறையே சொல்ல முடியாது."

கண்காணிப்பாளர் நெஞ்சு நிமிர்ந்தது. கட்டிலில் இப்போது எழுந்து உட்காரத் தொடங்கியிருந்த மைத்துனர் அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"கடைசியா ஒரே ஒரு கேள்வி மேடம். பட்டை வாங்குறதுக்கு முன்னாடி சாருக்கு முதுகுவலி ஏதாவது இருந்ததா?"

மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"இருந்துச்சும்மா. ரொம்ப வருஷமா இருந்துச்சு," என்றாள். "வலி அவரோடதுதான். வச்சிருந்தது மட்டும் என் தம்பி முதுகுல."