சித்தப்பா கேட்ட கபடி ரெக்கார்டிங்

மரக்காணம்,
ஞாயிறு.

அன்புள்ள பாலகுரு சித்தப்பாவுக்கு,

அண்ணன் மகன் கலையரசன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் நலம் கேட்டு நாலு வரி எழுதச் சொன்னார் அப்பா. ஒரே வரியில் கேட்கிறேன்: நலமா? இனி விஷயம்.

போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவீர்கள். அதனால்தான், மஸ்கட் வரும் மேத்யூ அண்ணனிடம் பென்டிரைவோடு இந்தக் கடிதமும். நம் வைஜெயந்தியை விளையாட்டு விடுதியில் சேர்க்கக் கையெழுத்துக் கேட்டபோது என்ன சொன்னீர்கள்? "எம்பொண்ணு அப்படி என்னத்த கிழிக்கிறான்னு கண்ணால பாக்கறேன். அப்புறம் ஹாஸ்டலு." சரி. போன வாரம் அவள் ஆடிவிட்டு வந்த இறுதிப் போட்டியை நேற்றுதான் டிவியில் போட்டார்கள். மறுஒளிபரப்பு கிடையாதாம், நெட்டிலும் போடமாட்டார்களாம். ஆகவே செட்டாப் பாக்ஸிலிருந்து டிவிக்கு ஒரு வயர், என் கம்ப்யூட்டருக்கு ஒரு வயர். உப்புக் காற்றில் பச்சை பிடித்த வயர் முனையை எல்லாம் சுரண்டி, ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, பழைய கம்ப்யூட்டர் திணறக் கூடாதென்று திரையில் எல்லாவற்றையும் சுருக்கி வைத்தேன். டெக்னிக்கலாக என் பக்கம் பிழை பூஜ்யம்.

பிழை வானத்திலிருந்து வந்தது. கடைசி ரெய்டு, இரு அணியும் சமம், வைஜெயந்தி மூச்சுப் பிடித்து உள்ளே போகிறாள், டிவி இருண்டது. மாடிக்கு ஓடினேன். கருமேகத்தைப் பார்த்து உப்பளத்தில் உப்புக் குவியலை எல்லாம் மூடிவிட்டு வந்த அப்பா, மிச்சமிருந்த ஈரத் தார்ப்பாயால் டிஷ்ஷையும் மூடிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா இது?"

"மழை வருதுடா. நனைஞ்சா வீணாயிடாது?"

"கரையறதுக்கு அது இன்னா உப்பாப்பா?"

"டேய், மூடி வெச்சி கெட்டுப்போனது ஒண்ணு சொல்லு பாக்கலாம்!"

சொல்ல நேரமில்லை. அவர் போட்ட முடிச்சை அவராலேயே அவிழ்க்க முடியவில்லை; கடைசியில் கயிற்றை அறுத்தேன். நான் கீழே இறங்கியபோது டிவியில் வைஜெயந்தி கோப்பையோடு நிற்கிறாள். ஆக, நீங்கள் பார்க்க வேண்டிய அந்த ஒரு ரெய்டு மட்டும் பதிவில் இருக்காது. கோப்பையைப் பார்த்து நம்புங்கள். சும்மா கொடுக்கமாட்டார்கள்.

அங்கே உங்களுக்கு வெயில் குறையவும், இங்கே எங்கள் உப்பளத்துக்கு வெயில் கூடவும் வேண்டும்,
கலையரசன்.

பி.கு.: பென்டிரைவில் ஏற்றிவிட்டு இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். கபடி மேட்ச் ஒரு நொடிகூட இல்லை. கம்ப்யூட்டர் மேல் ஆபீஸ் மீட்டிங்குக்காக மாட்டிய கேமராவைத் தேர்வு செய்து தொலைத்திருக்கிறேன். முழுக்க முழுக்க நம் வீட்டுக் கூடம், டிவி பார்க்கும் சனம். அப்பாவிடம் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். ஆனால் டிவி இருண்டு, நான் மாடியில் கத்திக்கொண்டிருந்தபோது கீழே நடந்தது அதில் இருக்கிறது. சித்தி, "அப்புறம் இன்னாடி ஆச்சு?" என்கிறார். "வாம்மா, காட்டறேன். என் இடுப்பப் புடி. விட்டுடாத" என்கிறாள் வைஜெயந்தி. சித்தி இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, காலைச் சுவரில் ஊன்றிக்கொள்கிறார். கபடி கபடி என்று மூச்சு விடாமல், சித்தியையும் சேர்த்து இழுத்துக்கொண்டுபோய் வாசற்படியைத் தொடுகிறாள் உங்கள் பெண்.

சித்தியின் எடை உங்களுக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.