ஜெபசீலி டீச்சரின் தொண்டையும் எங்கள் அதிவேகக் காமிராவும்

மனிதகுலம் தன் தொண்டைக்குள் ஒழுங்காக எட்டிப் பார்த்தது 1968-ஆம் ஆண்டில், கிருஷ்ணகிரியில்தான். அதற்கு முன் பார்த்தவர்கள் எல்லாம் சும்மா வாயைத் திறக்கச் சொன்னவர்கள். எங்கள் தர்ம சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

சங்கத்துக்கு ஓர் ஆஸ்பத்திரியும், பர்கூர் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடமும் உண்டு. தலைவர் வெங்கடப்பன் அவர்கள் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே ஜல்லி உடைக்கும் மெஷின் வைத்து, நாட்டின் சாலைகளுக்குத் தொண்டாற்றி வருபவர். அவர்தான் சீமையிலிருந்து காமிராவை வரவழைத்தார். "தொண்டுக்கும் தொண்டைக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம்" என்று திறப்பு விழாவில் பேசினார்.

பேசும்போது குரல்நாண்கள் துடிக்கிற வேகம் கண்ணுக்குப் பிடிபடாது. இந்தக் காமிரா ஒரு விநாடியில் நாலாயிரம் படம் எடுக்கும். அதை மெதுவாக ஓட்டினால் ஒவ்வொரு துடிப்பையும் நிதானமாகப் பார்க்கலாம் என்று தொண்டை டாக்டர் அருள்ஜோசப் விளக்கினார். கைதட்டினோம். பிறகுதான் நோயாளி ஒருவரும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

நல்லவேளையாக, ஜெபசீலி டீச்சருக்குக் குரல் போயிற்று.

எங்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒருவர், வகுப்புகள் ஐந்து. பிள்ளைகளில் பாதிக்கு வீட்டில் தெலுங்கு. மீதியில் பாதிக்குக் கன்னடம். ஆகவே ஒரே பாடத்தை மூன்று பாஷையில், மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்லிக்கொடுத்தார். கடைசியில் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. "குரலுள்ள" ஆசிரியை ஒருவரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கமிட்டியில் சிலர் யோசனை சொன்னார்கள். வேலை போய்விடுமே என்ற பயத்தில் டீச்சர் பரிசோதனைக்கு மறுபேச்சின்றிச் சம்மதித்தார். மறுபேச்சுப் பேச அவரிடம் குரலும் இல்லை.

சினிமா ஷூட்டிங் போல முகத்தில் விளக்கைப் போட்டார்கள். டாக்டர் துணியால் நாக்கைப் பிடித்துக்கொண்டு, தொண்டைக்குள் சிறு கண்ணாடியை நுழைத்து, "ஈ" சொல்லச் சொன்னார். டீச்சருக்குப் பதிலாகக் காமிரா வீலென்று அலறியது. ஃபிலிம் தீர்ந்தது.

அதைக் கழுவி வரவழைத்து, கமிட்டிக்குச் சுவரில் போட்டுக் காட்டினோம். வெண்ணிற நாண்கள் இரண்டும் நிதானமாகச் சேர்ந்து சேர்ந்து பிரிந்தன. நடுவில் இரண்டு பக்கமும் சின்னக் காய்ப்பு. அதனால் நாண்கள் முழுக்க மூடாமல் இடுக்கில் காற்று கசிந்தது.

"ரொம்பத் தெளிவா இருக்குது" என்று தலைவர் மகிழ்ந்து, இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார்.

ஓயாமல் கத்தியதுதான் காரணம் என்றார் டாக்டர். சில வாரம் பேசாமல் இருந்தால் காய்ப்பு கரையும். திரும்பக் கத்தினால் திரும்ப வரும். அதோடு விடாமல், கமிட்டிப் பழக்கம் போதாதவர் ஆகையால், பள்ளி நேரத்தில் மெஷினை நிறுத்தலாமே என்றும் சொல்லிவிட்டார். கமிட்டி முழுவதும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தது.

"அது நோய் இல்லீங்களே டாக்டர், தொழில்" என்றார் தலைவர், பெருந்தன்மையாக.

டீச்சர் இனிமேல் கத்தக்கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினோம்.

டீச்சர் தீர்மானத்துக்குக் கீழ்ப்படிந்தார். ஓய்வு முடிந்து, குரல் தெளிந்து திரும்பியவர் மெல்லத்தான் பேசினார். முன்வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. மறுநாள் பெரிய பிள்ளைகளிடம் கரும்பலகையைத் தூக்கக் கொடுத்து, ஐந்து வகுப்பையும் கூட்டிக்கொண்டு தலைவர் பங்களாவுக்குப் போனார். மெஷின் சத்தம் எட்டாத இடமாகப் பார்த்துக் கட்டிய பங்களா அது. தலைவரின் மனைவி முனிலட்சுமி அம்மாள் சந்தோஷமாக வராந்தாவில் பாய் விரித்து, எல்லாருக்கும் மோர் கொடுத்தார்.

பிள்ளைகளைப் பற்றித் தீர்மானம் எதுவும் இல்லையாதலால், அவர்கள் வாய்ப்பாட்டை மூன்று பாஷையிலும் ஒரே நேரத்தில் ஒப்பித்தார்கள். உள்ளே தலைவர் டெலிபோனில் பெங்களூர்க் கான்டிராக்டரிடம் அதற்கும் மேலே கத்த வேண்டியதாயிற்று. பொறுக்க மாட்டாமல் வெளியே வந்து, "மனுசன் பேசறதா வேண்டாமா டீச்சர்?" என்று கேட்டார்.

"தீர்மானப்படி கத்தாமத்தான் சொல்லித் தரேனுங்க. நான் பேசறது பிள்ளைங்களுக்கு இங்கதான் கேக்குதுங்க" என்றார் டீச்சர்.

பிள்ளைகள் தினமும் வந்தார்கள். டெலிபோனும் தினமும் வந்தது. அந்த வாரக் கடைசியில் தலைவரின் குரல் கம்மி, அடியோடு நின்றது.

அவசரக் கூட்டம் கூடியது. டாக்டர் காமிராவைத் தயார் செய்ய எழுந்தார். அவர் விளக்கைப் போடுமுன்பே கமிட்டி காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டது. தலைவர் கத்தியது பிள்ளைகளால். பிள்ளைகள் வந்தது மெஷினால். பள்ளி நேரத்தில் மெஷின் ஓடாது என்று அங்கேயே முடிவானது. தலைவர் தலையை மட்டும் ஆட்டினார்.

டீச்சர் பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினார். இப்போது சாதாரணக் குரலில்தான் பாடம் நடக்கிறது. கடைசி வரிசை வரை கேட்கிறது.

எங்கள் கமிட்டியின் வேகம் எந்தச் சீமைக் காமிராவுக்கும் வராது. டீச்சரின் தொண்டையை நாலாயிரம் படமாகப் பார்த்தும் தெரியாத மெஷின், தலைவருக்குத் தொண்டை கட்டியதும் எங்கள் வெறுங்கண்ணுக்கே தெரிந்துவிட்டது.