புரட்டாதிச் சனியில் ஒரு தாரா விருந்து

1. தாரா அண்ணை விருந்துக்கு அழைத்தார்.
2. கட்டடமே திரண்டு வந்தது.
3. இறைச்சியை ஒருவரும் தொடவில்லை.
4. நகரசபை அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இவ்வளவுதான். விளக்கம்தான் கொஞ்சம் நீளம்.

வோபர்னில் எங்கள் கட்டடத்தில் தாரா அண்ணையைப் பார்க்காதவர்கள் இருக்கலாம், கேட்காதவர்கள் கிடையாது. பிறம்ரனில் வெயர்ஹவுஸ் வேலை. மிச்ச நேரமெல்லாம் காட்டுவாத்து வேட்டை. வாத்து எங்களுக்குத் தாரா, ஆகவே அவர் தாரா அண்ணை. லிப்ட்டில் ஏறியதும் கையைக் குவித்து வாயில் வைத்து, வாத்துக்களைக் கூப்பிடப் பழகுவார்.

"அண்ணை, பிள்ளை நித்திரை!" என்று ஒரு தாய் கெஞ்சினாள்.

"இது பெட்டைத் தாராவின்ர குரல், தங்கச்சி. தாலாட்டு மாதிரித்தான்."

பிள்ளை வீரிட்டது.

ஒருமுறை பல்கனியில் சுட்ட தாராவின் இறகை நெருப்பில் வாட்டப்போய்த் தீயணைப்பு வண்டி வந்தது. வந்தவர்களுக்கும் ஆளுக்கொரு இறைச்சிப் பார்சல் கொடுத்தனுப்பினார்.

அவருக்கு வருடத்தில் இரண்டே காலம்: தாரா வரும் காலம், தாரா வராத காலம். தனி ஆள், வேறு கலண்டர் வீட்டில் இல்லை. வினை அங்கேதான் இருந்தது.

கிழக்கே ஏரிக்கரைச் சதுப்பில் அவருடைய வேட்டைக் கழகம். நரைத்த வெள்ளைக்காரர்கள் கொஞ்சப் பேர், நடுவில் இவர். அங்கே வேட்டையை நிறுத்த நகரசபை யோசித்தது. இது இன்னும் உயிரோடிருக்கும் மரபு என்றது கழகம். உங்களைத் தவிர யாருக்கு மரபு, சுற்றியுள்ள சமூகங்களும் சேர்ந்தால் பார்க்கலாம் என்றது சபை.

"சனம்தானே? நான் கொண்டுவாறன்" என்று எழும்பினார் அண்ணை.

சீசன் தொடங்கும் சனிக்கிழமை விடியச் சுட்டு, பின்னேரம் எங்கள் பார்ட்டி ஹோலில் கறி. சனம் சேருகிறதா என்று பார்க்க நகரசபையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார்; அவருக்கு மொழிபெயர்க்க நான். எல்லோரும் பட்டுச்சேலையும் வேட்டியுமாக வந்தார்கள். கறியின் வாசத்தைப் புகழ்ந்தார்கள். பிறகு தாங்கள் கொண்டுவந்த பருப்பையும் கத்தரிக்காயையும் சோற்றில் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார்கள்.

"என்ன, ஒருத்தரும் கறி போடேல்லை?"

"புரட்டாதிச் சனியெல்லோ அண்ணை. நாங்கள் சைவம்."

"முந்தியே சொல்லியிருக்கலாமே!"

"உங்களுக்குத் தெரியாதெண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அண்ணை என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, உவவுக்குச் சொல்லும், எங்கட சனத்துக்குத் தாரா எண்டால் உயிரெண்டு."

சொன்னேன். அதிகாரி நிரம்பியிருந்த சட்டியைப் பார்த்தார். சனிக்கிரகத்துக்காக இன்று இறைச்சி இல்லை என்றேன்.

"அடுத்த சனி?" என்று கேட்டார்.

"அன்றும் இல்லை. பிறகு நவராத்திரி. பிறகு கந்தசஷ்டி."

"அப்படியானால் எப்போதுதான் சாப்பிடுவார்கள்?"

"கார்த்திகையில். நவம்பர் பாதிக்குப் பிறகு."

"அதற்குள் வாத்துக்கள் தெற்கே போய்விடுமே" என்றார், உண்மையான கவலையோடு.

அண்ணை கறியைப் பார்சல் கட்டி வீட்டுக்கு வீடு கொடுத்தார். பிரீசரில் வைத்திருந்து, கார்த்திகையில் எலும்பையும் விடாமல் உறிஞ்சினோம். அதைப் பார்க்க அதிகாரி எவரும் வரவில்லை.

இப்போது அந்தச் சதுப்பில் வேட்டை இல்லை. கழகத்தார் வேறு இடம் தேடுகிறார்கள். தாரா அண்ணை கைகளைப் பொக்கற்றில் விட்டுக்கொண்டு லிப்ட்டின் ஒரு மூலையில் நின்று மேலே போகிறார். லிப்ட் அமைதியாக இருக்கிறது. அது ஒருவருக்கும் பிடிக்கவில்லை.