அச்சிடுமுன் மரங்களை நினைத்துப் பாருங்கள்

அன்புள்ள மருமகன் யான்னிக்கிற்கு,

ஓல்டன்பர்க்கிலிருந்து உன் தாய்மாமன் டெட்லெஃப் எழுதுவது. நான் நலம். மாறான சான்று கிட்டாதவரை நீயும் நலமென்றே கொள்கிறேன். காகிதத்தில் எழுதக் காரணம், நீ அமைத்துக் கொடுத்த மின்னஞ்சலில் நான் நானல்ல என்று தீர்ப்பாகிவிட்டது. பணிக்காலம் முழுவதும் நோட்டரியாக அமர்ந்து, கையெழுத்திட்டவர் அவரேதான் என்று பிறருக்குச் சான்றளித்தவனுக்கு இது எத்தகைய மனநிறைவைத் தந்திருக்கும் என்பதை நீயே ஊகிக்கலாம்.

தோட்டச் சங்கத்தில் என் பங்கு நிலத்தில் உன் அத்தை கேசா கடைசியாக நட்டுவிட்டுப் போன அக்ரூட் மரம், சங்க விதிகளுக்குப் புறம்பானதென்று வரும் சனிக்கிழமை வெட்டப்படவுள்ளது. மறுப்பு இருப்பின் அதற்குள் சங்கத்தின் மின்னஞ்சல் முகவரிக்கு வரவேண்டும். வாய்ச்சொல் செல்லாது, காகிதமும் செல்லாது, ஏனெனில் காகிதத்துக்காக மரங்கள் வெட்டப்படுகின்றன. நான் அனுப்பினேன், திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன், மறுபடி வந்தது. சங்க முகவரிக்கு வருவதெல்லாம் தலைவி ரோஸ்வித்தா ஹார்ம்சனின் சொந்த அஞ்சல்பெட்டிக்குத் தானாகவே அனுப்பிவைக்கப்படுகிறதாம். என் பெயரில் அஞ்சல் கொண்டுசெல்ல உரிமையுள்ள சர்வர்களின் பட்டியலில் சங்கத்தின் சர்வர் இல்லை. ஆகவே அது கொண்டுவரும் என் கடிதம் ஐயத்துக்குரியது. போகட்டும், கடிதத்தில் கண்ணுக்குத் தெரியாத முத்திரை ஒன்று உண்டு, அது உடையாதிருந்தால் போதும் என்றாய். உடைந்திருந்தது. தன் வழியே செல்லும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் சங்கம் ஒரு வரி சேர்க்கிறது: ‘அச்சிடுமுன் மரங்களை நினைத்துப் பாருங்கள்.’ மரத்தைக் காக்க நான் எழுதிய கடிதம், மரங்களைக் காக்கும் அவ்வரியாலேயே போலியாயிற்று. இரு சோதனையிலும் தோற்றால் ஏற்காதீர் என்று ஊருக்கெல்லாம் அறிவித்திருப்பது என் முகவரிதான். அந்தக் கடுமையை வற்புறுத்திக் கேட்டவனும் நான்தான் என்பதை நீ நினைவூட்ட வேண்டியதில்லை.

ரோஸ்வித்தா எனக்கு அடுத்த தோட்டக்காரர். நடுவே இடுப்பளவு வேலி. அங்கேயே போய்ச் சொன்னேன்.

“என் மறுப்ப நேர்லயே சொல்லிடறேன், கேட்டுக்குங்க.”

“எனக்குக் காது கேக்குது டெட்லெஃப். சங்கத்துக்குக் கேக்காதே. மெயில் போடுங்க.”

“போட்டேன். உங்க பெட்டி திருப்பி அடிக்குது. நான் போலியாம்.”

“பெட்டி சும்மா சொல்லாது, ஏதாவது இருக்கும்.”

“அப்ப உங்க சொந்த முகவரியக் குடுங்க.”

“அது சொந்தக்காரங்களுக்கு மட்டுந்தான்.”

பிறகு நீ, “மாமா, அந்தக் கெடுபிடிய ரெண்டு நாள் தளத்தி வெக்கறேன், போயிடும்” என்றாய். என் இசைவுக்குக் காத்திராமல் தளர்த்தியும்விட்டாய். கடிதம் போயிற்று, அவருடைய குப்பைக் கோப்புறைக்கு. “குப்பையெல்லாம் நான் கிளறறதில்ல” என்கிறார், எருக்குழியைக் கிளறிக்கொண்டே.

ஆகவே, இக்கடிதம் கண்டவுடன் பழைய கடுமையை மீட்டுவைக்கும்படி கோருகிறேன். என் பெயரில் எவனும் எழுதலாம் என்ற நிலையில் ஒரு பொழுதும் இருக்கச் சம்மதியேன். மரமே போனாலும் போகட்டும், இந்த வயசுல பேரக் கெடுத்துக்க முடியாதுப்பா.

உனக்கும் உன் மனைவி ஃபெம்கேவுக்கும், உங்களுக்கு உரிய பங்கின்படி, என் ஆசிகள்.

இப்படிக்கு, நானேதான்,
டெட்லெஃப் வீக்மன்
(அடையாள அட்டையின் நகல் இணைக்கப்பட்டுள்ளது)

பி.கு.: உறையை ஒட்டும் வேளையில் ரோஸ்வித்தா பிளம் கேக்குடன் வேலியருகே வந்தார். என் மெயில் கிடைத்துவிட்டதாம். “வெளிநாட்டுல தனியா மாட்டிக்கிட்டேன், உங்கள விட்டா யாருமில்லன்னு எழுதியிருந்தீங்களே. இந்த வேலிக்கு அந்தப் பக்கத்தப் போயி வெளிநாடுன்னு... அழுதுட்டேன். கீழ ஏதோ லிங்க் இருந்துச்சு, அமுக்கினா திறக்கல, அது கெடக்குது. இதையே மறுப்பா எடுத்துக்கிட்டேன். மரம் நிக்கட்டும்.” நீ தளர்த்திவைத்த வழியில் எந்த ஊர் மோசடிக்காரனோ என் பெயரில் அனுப்பியது, அவர் பெட்டி அதை வரவேற்று உள்ளே விட்டிருக்கிறது. நான் எழுதியதென்று சொல்லவில்லை, எழுதவில்லை என்றும் சொல்லவில்லை, கேக்கை வாங்கிக்கொண்டேன். எனவே மேற்கண்ட கோரிக்கையை முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன். எதிலும் கைவைக்காதே. ரோஸ்வித்தா அதற்குப் பதில் போட்டுவிட்டு என் மறுமொழியை எதிர்பார்க்கிறார். அதையும் அந்த ஆளே எழுதினால் நல்லது. நான் எழுதினால் குப்பைக்குத்தான் போகும்.