இரண்டாம் ஓலை நின்ற ஞாயிறு

திண்டிவனம்,
18.6.2012

அன்புள்ள மச்சான் இருதயராஜ் அவர்களுக்கு,

தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண ஓலையில், உங்கள் மகன் மரிய அருண், என் மகள் வெனிலா பெயர் போட்ட இரண்டாம் ஓலையை நேற்று பூசையில் வாசிக்கவில்லை. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம். விழுப்புரத்தில் நீங்களும் என் தங்கச்சி இருதயமேரியும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

சாமியாரைக் கேட்டால், ஒரு தரப்பில் நிறுத்தச் சொன்னார்கள் என்று மட்டும் சொல்லி, இல்லாத மீசையைத் தடவுகிறார். எந்தத் தரப்பென்று எனக்குத் தெரியாதா? போன் போட்டால் கட் பண்றது யாரு? வெனிலாவுக்குக் கருவிழி மெலிஞ்சு கூம்பு மாதிரி முன்னால தள்ளுதுன்னு கண்ணாஸ்பத்திரியில சொன்ன அன்னைக்கே உங்க வீட்டுக் கூடத்துல உக்காந்து சொன்னேன், மறைக்கல. இது குடும்பத்துல வரக்கூடியது, எந்த மரபணுவால வருதுன்னு தேடிக்கினு இருக்கோம், சொந்தக்காரங்க எல்லாரும் ரத்தம் குடுங்கன்னு டாக்டரம்மா கேட்டாங்க. அதுக்குக் கூப்பிட்டா, ரத்தத்துலயே குத்தம்னு முடிவு பண்ணிக்கினு ஓலையை நிறுத்தறதா? மச்சான், முப்பது வருஷமா மல்லாட்டை மண்டி வச்சிருக்கேன். மூட்டையில குத்தூசி விட்டு ஒரு பிடி வேர்க்கடலை எடுத்துப் பாக்கறது லோடைத் திருப்பி அனுப்பறதுக்கா? எங்க ரத்தம் சொத்தைன்னா, உங்களுக்கு மூணு வேளையும் சோறு ஆக்கிப் போடறவ யாரு கூடப் பொறந்தவ? நிச்சயதார்த்த ஆல்பத்தை எடுத்துப் பாருங்க. என் பொண்ணு நேரா பாக்கறா. உங்க பையன் எல்லா போட்டோவிலயும் கண்ணைக் கசக்கிக்கினு நிக்கறான், மோதிரம் போடற போட்டோவிலயும். வருஷத்துக்கு ஒரு கண்ணாடி வேற மாத்தறான். கசக்கக் கசக்க ஜல்தியா கெடும்னு டாக்டரம்மா சொன்னாங்க. அண்ணன் மகளுக்கும் தங்கச்சி மகனுக்கும் கோயில்ல கட்டி வைக்க ஆயர்கிட்ட விலக்கு வாங்க நடையா நடந்தவன் நான். அடுத்த ஞாயிறு ஓலை வாசிக்கணும், நான் முதல் பெஞ்சுல உக்காந்து கேப்பேன்.

தங்கச்சிக்கும் அருணுக்கும் என் ஆசீர். உங்களுக்கு வணக்கம் மட்டும்.

இப்படிக்கு,
பாக்கியசாமி

பி.கு.: கவரை ஒட்டப் போனப்ப வெனிலா வாங்கிப் படிச்சா. "ஓலையை நிறுத்தச் சொன்னது மாமா இல்லப்பா, நான்தான். அருணும் சரின்னுட்டான்" என்றாள். அவன் போன வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனானாம், அவனுக்கும் ஆரம்பமாம். டாக்டரம்மா வெனிலாகிட்ட முதல்ல கேட்டதே அப்பா அம்மா சொந்தத்துல கட்டினவங்களான்னுதானாம். நான் கட்டினதும் மாமன் மகள்தான், உங்களுக்குத் தெரியும். "எங்க ரெண்டு பேர் கண்ணையும் சேர்த்துப் பொறக்கற பிள்ளைக்குக் குடுக்கணுமா?" என்று கேட்டாள். கத்திப் பார்த்தேன். என் பொண்ணாச்சே, தலை குனியல. ஓலையை நிறுத்தினது நான்னு நினைச்சுத்தான் நீங்க போனை எடுக்கலையாம். போட்டோ விஷயம் சரிதானே, அதனால கடிதத்தைக் கிழிக்கல.

ஆக, வெனிலாவும் நானும் பேசி முடித்தது இது: கல்யாணம் இல்லை, உறவு உண்டு. புதன்கிழமை ரெண்டு குடும்பமும் போய் ரத்தம் குடுக்கறோம். வேன் என் செலவு, பிரியாணி உங்க செலவு.